மேலிருந்து பார்த்தால் எல்லாம் கோட்டைதான்

தொலைந்த பொருளைக் குனிந்து தேடுபவர்கள் ஓர் இனம். யாரும் தொலைக்காத ராஜ்யத்தை ஆகாயத்தில் ஏறி நின்று தேடுபவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தாருக்கு முதுகு வலிக்கும். இரண்டாவது இனத்தாரால் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது இனத்தைப் பற்றி.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். சாதாரண மனிதன் போனில் மேப்பைத் திறந்தால் போகவேண்டிய இடத்துக்கு வழி பார்ப்பான். ஆகாய ஆராய்ச்சியாளர் வழி பார்ப்பதில்லை. சாட்டிலைட் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்து, மேலும் விரித்து, ஊர் தெருவாகி, தெரு கூரையாகி, கூரை வெறும் நிறமாகிக் கலங்கும்வரை விரித்து, எங்கோ ஒரு மேட்டில் மங்கலாக ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "இது இயற்கையா இருக்க முடியாது" என்பார். குயிலுக்குக் கூவல் எப்படியோ அப்படி இவர்களுக்கு இந்த வாக்கியம். இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது, வட்டம் வரைய வராது என்பது அவர்கள் நம்பிக்கை. நிலாவைப் பார்த்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். நிலாவையும் விரித்துப் பார்த்துவிட்டார்கள். அங்கேயும் இரண்டு அரண்மனை இருக்கிறதாம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆகவே இதன் இலக்கணக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடு என்ற சொல்லோடு ஐ உருபைச் சேர்த்துப் பாருங்கள். கோட்டை. வேறு மொழிக்காரர்கள் பத்து வருஷம் தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் ஓர் எழுத்தில் கட்டி முடித்துவிடுகிறோம்.

இந்த இனத்தின் முழு லட்சணங்களும் பொருந்திய ஒருவர் என் குடும்பத்திலேயே இருக்கிறார். என் அக்காவின் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து வருபவர். மைக்கூட்டில் விழுந்து எழுந்த எறும்பு தள்ளாடிப் போன தடம் மாதிரி இருக்கும் சீட்டை வாங்கி, கண்ணைச் சுருக்கி, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று கணீரென்று வாசிப்பார். ஒரு மனிதனுக்கு இப்படியொரு திறமை இருந்தால் அது அவனைச் சும்மா இருக்க விடுமா? "டாக்டர் எழுத்தையே படிக்கறவன் மச்சான் நான். பூமியோட எழுத்தைப் படிக்க மாட்டேனா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? அக்காவைக் கட்டிக் கொடுத்த இடம்.

மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஊரில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் அத்தானின் ஆராய்ச்சி நேரம். கண்ணாடி மேசைமேல் போனைச் சாய்த்துவைத்து, இருமல் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவில் உலகத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விரல் பழகிப்போய், செய்தித்தாளில் வந்த படத்தையும் விரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா எழுதிக் கொடுத்த சாமான் சீட்டை அவர் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது பேப்பருங்க. கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமான குரல் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு வட்டம் கிடைத்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் தூரத்தில், ஒரு வயலின் நடுவே சுத்தமான பச்சை வளையம். அளந்து பார்த்தார். குறுக்களவு நாற்பத்திரண்டு மீட்டர். வளையத்துக்கு நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சின்னதாக இன்னொரு வளையம். மண்ணுக்குள் பழைய அகழி புதைந்திருந்தால் அதன்மேல் ஈரம் தங்கிப் பயிர் செழிப்பாக வளரும், பழைய சுவர் புதைந்திருந்தால் பயிர் குட்டையாகி வெளுக்கும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அது உண்மைதான். உலகம் முழுக்க அந்த முறையில் எத்தனையோ பழைய இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த இனத்தாரின் ஆபத்தே அதுதான். அவர்கள் படித்தது எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

ஒரு வாரத்தில் வளையம் கோட்டையானது. இரண்டு வாரத்தில் கோட்டைக்கு ஒரு வம்சம் பிறந்தது. வளையமாகக் கட்டியதால் அவர்களுக்கு 'வளையர்' என்று பெயர் வைத்தார். நூலக மாடியில் கூட்டம் போட்டு உரையாற்றினார். இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் பாதிப் பேர் மின்விசிறிக்காக. நடுவிலுள்ள கரும்புள்ளி பிரம்மாண்டமான நடுத்தூண் நின்ற குழி என்றார். உள்வளையத்தில் குதிரைகள் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கின்றன, சுற்றிலும் படிப்படியான ஆசனங்களில் மக்கள் அமர்ந்து ஆரவாரம் செய்திருக்கிறார்கள், வாசல் கிழக்குப் பார்த்தது, யானைகள் கட்டுமிடம் தெற்கே தனியாக இருந்தது என்றார். வடக்கிலிருந்து திடீரென வந்த ஒரு தாக்குதலில் எல்லாம் ஒரே நாளில் சரிந்துவிட்டது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. கணினியில் படத்தை மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பாவம் வளையர்கள்.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. பதினேழு பக்கத்தில் ஒரு மனு எழுதினார். பழைய இடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்குமுன் நீ ஒரு தடவை பார்த்துக்கொடு என்றார். பார்த்தேன். என் தொழில் தர்மப்படி எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். வம்சத்துக்கு ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்தேனே தவிர, வம்சம் இருந்ததா என்று யோசிக்கவில்லை. அலுவலகங்கள் சாதாரணமாக மனுக்களைப் படிப்பதில்லை என்ற தைரியமும் இருந்தது. என் துரதிர்ஷ்டம், பிழையில்லாத மனு என்பதால் இதைப் படித்துவிட்டார்கள். நிபுணர் வந்து பார்க்கும்வரை அந்த வயலில் ஓரடிக்குக் கீழே யாரும் தோண்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அத்தான் உத்தரவின் நகலைக் கடையில் ஒட்டிவைத்தார்.

நிபுணர் வர நான்கு மாதம் ஆயிற்று. வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பழைய இடங்களைத் தேடிக் கண்டறிவதே அவர் தொழில். ரப்பர் பூட்ஸும் சேறு காய்ந்த கால்சட்டையுமாக நேரே மருந்துக்கடைக்கு வந்தார். அத்தானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆகாயத்தைப் பார்த்துப் பிழைப்பவருக்குக் காலில் எதற்குச் சேறு? இருந்தாலும் மேசையைத் துடைத்து, நான்கடிப் படத்தை விரித்துப்போட்டு, முக்கால் மணி நேரம் விளக்கினார். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"இந்தப் படம் எந்த மாசம் எடுத்தது?"

அத்தான் விழித்தார். படத்துக்கு மாசம் உண்டு என்பதே அவருக்குச் செய்தி. அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒரு தலைவலி மாத்திரை விற்காத மனிதர் ஐயா அவர். காலாவதியான சொட்டு மருந்தைக் கேட்டவரிடம் அரைமணி நேரம் புத்தி சொல்லி அனுப்பியவர். ஆயிரம் வருஷச் சரித்திரத்தை எழுதியபோது மட்டும் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

"அந்த இடத்துக்கு நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"போனா தெரியாதுங்க மேடம். மேலேருந்து பாத்தாதான் தெரியும்."

"கீழ இருக்கறவங்களுக்கும் ஏதாவது தெரிஞ்சிருக்குமே" என்று சொல்லி அந்த அம்மா படத்தைச் சுருட்டினார்.

மறுநாள் காலை எல்லோரும் போனோம். நிபுணர் அம்மா, அத்தான், நான். அக்காவும் வந்தாள். நான்கு மாதமாக வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்த வம்சத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள். கடை அடைத்திருக்கும் அறிவிப்பில் அத்தான் 'கள ஆய்வு காரணமாக' என்று எழுதியிருந்தார்.

வயலின் சொந்தக்கார அம்மா வரப்பில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு குடம், பக்கத்தில் தள்ளுவண்டியில் இன்னும் ஆறு குடம். வயலில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. அத்தானுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. வயலுக்குள் இறங்கி நின்று, நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்து, வட்டம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். கீழே நின்றால் தெரியாது என்று அவர் சொன்னது சரிதான்.

நிபுணர் அம்மா வயல்காரரிடம் படத்தைக் காட்டி, இந்த இடத்தில் இப்படி ஒரு வட்டம் இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று சாதாரணமாக விசாரித்தார். வயல்காரர் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். தெரியுமே என்றார். நடுவில் பெரிய கம்பம் நின்றது இந்த இடம் என்று காலால் தட்டிக் காட்டினார்.

அத்தான் என் கையைப் பிடித்தார்.

குதிரை சுற்றிச் சுற்றி ஓடினது இதற்குள்ளேதான் என்றார் வயல்காரர். ஜனங்கள் படிப்படியாகப் பலகை போட்டுச் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். வாசல் கிழக்கே. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் சுற்றிலும் வாய்க்கால் மாதிரி வெட்டியிருந்தார்கள். யானை கட்டியது தெற்கே, அந்த மேட்டில். ஒவ்வொன்றுக்கும் அத்தான் தலையாட்டினார். அவருடைய முகத்தில் அப்படியொரு ஒளியை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அக்காவே அசந்துபோய் அவரைப் பார்த்தாள். பதினேழு பக்கத்தில் ஒரு வரி தப்பவில்லை.

"கடைசியில அழிஞ்சது எப்படிங்க?" என்று அத்தான் மெல்லிய குரலில் கேட்டார். "வடக்கேருந்தா?"

"ஆமாங்க. வடக்கேருந்துதான். பெருங்காத்து. கூடாரம் அப்படியே சாஞ்சுபோச்சு."

"இதெல்லாம் உங்க முன்னோர்கள் வழிவழியா சொல்லிட்டு வந்ததா?"

"இல்லைங்க. போன வருஷம் நானே பாத்தேன். டிக்கெட் எடுத்து."

அத்தான் என் கையை விட்டுவிட்டார். பிறகு வயல்காரர் தானாகவே சொன்னார். ஒரு சர்க்கஸ் கம்பெனி ஒரு மாதம் வயலை வாடகைக்கு எடுத்ததாம். போகும்போது வாய்க்காலில் குதிரைச் சாணத்தையும் யானைச் சாணத்தையும் தள்ளி மூடிவிட்டுப் போனார்களாம். அதன்மேல் விதைத்த பயிர் ஆள் உயரம் வந்ததாம். நிபுணர் அம்மா தன் கைக்கணினியைத் திறந்து, அதே வயலின் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மூன்று வருஷம் முன்னால் வெறும் வயல். இரண்டு வருஷம் முன்னால் வெறும் வயல். போன வருஷம் ஒரு படத்தில், வளையர் தலைநகரம், சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கூரையோடு, பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தது. கூரையின் உச்சியில் ஒரு கொடிகூட இருந்தது.

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் வயல்காரர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"யாரோ மனு போட்டாங்களாம். பழைய கிணறு வத்திப்போச்சு, புதுசா வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். வெட்டக்கூடாதுன்னு கடுதாசி வந்துருச்சு. நாலு மாசமா ஆத்துலேருந்து தள்ளிட்டு வந்து ஊத்தறேன். மனு போட்டது யாருன்னு மட்டும் தெரியணும்."

சிரிப்பு நின்றது. நிபுணர் அம்மாவுக்குப் பதில் தெரியும், அவர் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும், அந்த மனுவுக்கு நான் பாதி ஆசிரியன். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் வயல்காரருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

"நான்தாங்க" என்றார் அத்தான்.

வயல்காரர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, அந்த வரிசையில் இன்னும் ஊற்றவில்லை என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷமாக மாத்திரை அட்டையைவிடக் கனமான எதையும் தூக்காத அத்தான், தேய்த்த சட்டையோடு குடத்தை இடுப்பில் வைக்கப் பார்த்து, அங்கே அது நிற்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதியைத் தன்மேலும் மீதியைப் பயிர்மேலும் ஊற்றிக்கொண்டு போனார். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு அடுத்த குடத்தை எடுத்தாள். நான் மூன்றாவதை.

அடுத்து வந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் அத்தான் அங்கே போனார். வயல்காரர் அவருக்கு 'வளையரு' என்று பெயர் வைத்துவிட்டார். "வளையரே, கால் பாத்து வைங்க, அது பயிரு" என்று கூப்பிடுவார். ஒரு வம்சத்தின் கடைசி வாரிசுக்குரிய அடக்கத்தோடு அத்தான் காலை எடுத்து வைப்பார்.

நிபுணர் அம்மா தடை உத்தரவை நீக்கச் சொல்லி அன்றைக்கே எழுதிவிட்டார். ஆனாலும் உடனே போய்விடவில்லை. பழைய படங்களைத் தள்ளும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. கோடைகாலத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்த ஒரு படத்தில், வயலின் மேற்கு ஓரம் ஒரு கறுப்பு இழை வளைந்து வளைந்து ஓடியது. வட்டமுமில்லை, நேர்கோடுமில்லை. அத்தானின் போன் படத்திலும் அது மங்கலாகத் தெரிந்திருக்கிறது, அவர் மாட்டுத்தடம் என்று தள்ளிவிட்டிருந்தார். நிபுணர் அம்மா அதைக் கோட்டை என்றும் சொல்லவில்லை, மாட்டுத்தடம் என்றும் சொல்லவில்லை. வயல்காரரிடம் போய், அந்த ஓரத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை, எந்தக் கோடையிலும் அங்கே மட்டும் தவளை கத்தும் என்றார் அவர்.

தவளையை நம்பி இரண்டு மீட்டர் தோண்டினார்கள். கல் பாவிய பழைய கால்வாய்க் கரை ஒன்று வந்தது. உடைந்த பானை ஓடுகள் வந்தன. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்கலாம், சோதனை முடியாமல் சொல்ல முடியாது என்றார் நிபுணர் அம்மா. அத்தானுக்கு அந்த 'சோதனை முடியாமல்' சுத்தமாகப் பிடிக்கவில்லை. வயல்காரருக்கு வேறு விஷயம் முக்கியமாக இருந்தது. ஐந்நூறு வருஷமாக ஈரம் எந்த வழியே போகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா? நிபுணர் அம்மாவைக் கேட்டுக்கொண்டு, கல்லைத் தொடாமல் முப்பதடி தள்ளிக் கிணறு வெட்டினார். பன்னிரண்டாவது அடியில் தண்ணீர்.

அறிக்கை வந்தது. நூற்று நாற்பது பக்கம். தன் பெயரைத் தேடி அத்தான் அதை மூன்று நாள் படித்தார். நன்றியுரையில் வயல்காரர் பெயர் இருந்தது. தவளைகளுக்குக்கூட ஒரு வரி இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில் இப்படி இருந்தது: 'பொதுமக்களில் ஒருவர் சர்க்கஸ் கூடாரம் நின்ற இடத்தைக் கோட்டை எனத் தவறாகக் கருதி அளித்த மனுவைச் சரிபார்க்கச் சென்றபோது இவ்வாய்வு தற்செயலாகத் தொடங்கியது.'

இப்போது நீங்கள் அந்த மருந்துக்கடைக்குப் போனால், உத்தரவு ஒட்டியிருந்த இடத்தில் அறிக்கையின் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். 'பொதுமக்களில் ஒருவர்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு. யாராவது நின்று படித்தால், மாத்திரையை உறையில் போட்டபடியே, "அடியேன்தான்" என்பார். 'தவறாக' என்ற சொல்லை மறைத்துவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "அதுவும் நான் செஞ்சதுதானே மச்சான்" என்றார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இந்த இனம் திருந்துமா? போன மாதம் ஒரு குன்றின் அடியில் முக்கோணம் ஒன்றைப் பிடித்திருக்கிறார். ஆனால் இம்முறை மனு எழுதவில்லை. பஸ் ஏறிப் போய், இறங்கி, அங்கே இருந்தவரை விசாரித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார். என்னவாயிற்று என்று அக்கா கேட்டதற்கு, "ஆட்டுப்பட்டி. போன மாசம் அடைச்சதாம்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அவ்வளவுதான் முன்னேற்றம். அக்காவுக்கு அதுவே போதும் என்கிறாள்.

நல்லது. இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படியும் ஒரு மனுஷனா என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே உங்கள் கை போனைத் தேடியது எனக்குத் தெரியும். மேப்பைத் திறந்து, நேராக உங்கள் தெருவுக்கு வந்து, உங்கள் வீட்டை விரித்துப் பார்த்திருக்கிறீர்கள். கட்டடத்தின் உச்சியில், வடகிழக்கு மூலையில், கச்சிதமாக ஒரு கறுப்பு வட்டம். இது இயற்கையாக இருக்க முடியாது என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியதா?

யாருக்கும் மனு எழுதிவிடாதீர்கள். அது உங்கள் தண்ணீர்த் தொட்டி. மூடியை யாரோ திறந்து போட்டிருக்கிறார்கள், போய் மூடிவிட்டு வாருங்கள்.